கழுவியும் போகாத நீலம்

"சாராயம் காய்ச்சறவனே அழறான் மேடம். 'என் பக்கமே வராத ஆள் செத்ததுக்கு என்னை ஏன் நோண்டறீங்க'ன்னு கேக்கறான். நியாயமான கேள்விதான். பதில் தெரியாம திரும்பி வந்துட்டேன்."

நிகுஞ்ச் ஸ்கூட்டர் சாவியை மேசையில் போட்டுவிட்டு மின்விசிறிக்கு நேராக நின்று காலரைத் தூக்கிவிட்டுக் கொண்டான்.

அங்க்லேஷ்வர் ஸ்டேஷன் ரோட்டில், பம்ப் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜர்பானு தாருவாலா துப்பறியும் நிலையம். தாருவாலா என்றால் சாராயக்காரர். மதுவிலக்கு உள்ள குஜராத்தில் அப்படி ஒரு குடும்பப் பெயரைப் போர்டில் எழுதி மாட்டியிருந்ததால், அவ்வப்போது யாராவது ஒருவர் ஆசையோடு படியேறி வந்து, கண்ணாடி போட்ட பார்சி அம்மாளைப் பார்த்துவிட்டு அசடு வழிய இறங்கிப் போவது உண்டு. ஜர்பானுவின் தாத்தாவோடு அந்த வியாபாரம் முடிந்து போனது. ஜர்பானு சாயக் கம்பெனிகளின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, தலை நரைத்து, கூடவே மூக்கையும் தொலைத்துவிட்டு, இந்தத் தொழிலுக்கு வந்தவர். ரோஜாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இப்போது அவருக்கு வித்தியாசம் தெரியாது. வாசனை பார்க்க வேண்டிய வேலை எல்லாம் நிகுஞ்சுடையது. அவன் பாவ்நகர்க்காரன், இந்த ஊர்க் காற்று அவன் மூக்கை இன்னும் முழுசாகத் தின்னவில்லை.

"'பகத் சோமாபாயா? அவன் ஒரு காலத்துல என் பானையை எல்லாம் போட்டு உடைச்சவன்'னு அந்த ஆள் சொல்றான்" என்றான் நிகுஞ்ச். "ஓடைக்கரையில காய்ச்சற எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தன்கூட சோமாபாய்க்கு வித்ததில்ல. எனக்கு வேணுமான்னுதான் கேட்டாங்க."

"வாங்கினியா டிக்ரா?" ஜர்பானு அவனை மகனே என்றுதான் கூப்பிடுவார்.

"சாட்சிக்காகக்கூட வாங்கல மேடம். சத்தியமா."

ஜன்னலோர நாற்காலியில் இருந்தவர் சிரிக்கவில்லை. பெரிய உடம்பு, குனிந்த தலை. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கறுப்பு. ரங்கோதய் சாயத் தொழிற்சாலையின் கறுப்பு செக்‌ஷனில் வேலை பார்க்கிற தன்ஜி ராத்தோட் அவர்தான். செத்துப்போன சோமாபாய் வசாவாவின் உயிர் நண்பர். இரவு ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் தினமும் இங்கே வந்து உட்கார்ந்து விடுகிறார்.

"பென், நான் ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார் தன்ஜி, ஜர்பானுவை சகோதரி முறை வைத்து. "என் சோமாவுக்கு அந்த விஷத்தைக் குடுத்தது யாருன்னு காட்டுங்க. குடுத்த கையை நான் பாத்துக்கறேன்."

தினமும் இதைத்தான் சொல்கிறார்.

நடந்தது இதுதான். சோமாபாய் தன் மகள் ஜசுவின் கல்யாணத்தன்று, ஊர் மொத்தமும் பார்க்கத் தள்ளாடினார். வாந்தி எடுத்தார். மகளை மாப்பிள்ளை வீட்டு ஜீப்பில் ஏற்றுகிற நேரத்தில் நாக்குக் குழற அவளை நோக்கி நடந்தார். ஜசு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். அவரை வேப்பமரத்தடியில் படுக்க வைத்து, போதை தெளியட்டும் என்று எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இருட்டுகிற நேரத்தில் போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. வசாவா என்ற ஆதிவாசிப் பெயரைக் கேட்டதுமே அரசு டாக்டர் கள்ளச்சாராயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சோமாபாய் பகத். மதுவும் மாமிசமும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கழுத்தில் துளசி மணி கட்டியவர். சத்தியத்தை மீறினான் என்று மற்ற பகத்துகள் பிணத்தின் கழுத்திலிருந்து அந்த மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் பகத் குடும்பம். அப்பா செத்த பிறகும் ஜசு இன்னும் தாய் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நாளை மறுநாள் பன்னிரண்டாம் நாள் காரியம். அதற்குள் அவர் பெயரில் ஒட்டிய கறை போகாவிட்டால் அவள் இனி எப்போதும் வரப்போவதில்லை.

ஜர்பானு புதினா போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"அவர் குடிச்சதை யார் பாத்தாங்க?"

"கல்யாணமே பாத்துச்சு மேடம்" என்றான் நிகுஞ்ச்.

"தள்ளாடினதைப் பாத்தாங்க. குடிச்சதை யார் பாத்தாங்க? வாயில வாடை வந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இந்த ஊர்ல வாடை பிடிக்க மூக்கு யாருக்கு இருக்கு?"

"அதான் நானும் யோசிக்கறேன்." ஜர்பானு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "விக்கறவன் இல்ல. குடிச்சதைப் பாத்தவன் இல்ல. சாராயத்தைத் தேடினது போதும் டிக்ரா. வண்டியை எடு. ரேவாபென் வீட்டுக்குப் போகலாம்."

தன்ஜியும் எழுந்தார். "அங்கே விறகு தீந்திருக்கும். நான் வெட்டி எடுத்துக்கிட்டு வரேன்."

*

தொழிற்பேட்டையைத் தாண்டி ஓடைப் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறியது. ஓடை சிவப்பாக ஓடியது.

"நேத்து பச்சை. இன்னிக்கு சிவப்பு" என்றான் நிகுஞ்ச். "காலண்டரே வேண்டாம் மேடம். பாலத்துல நின்னு எட்டிப் பாத்தா கிழமை தெரிஞ்சிடும்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

சோமாபாய் வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் இன்னும் நின்றது. பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. மாவிலைத் தோரணம் காய்ந்து, காற்றடிக்கும்போது சரசரத்தது. அதன் அடியில் ரேவாபென் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள்.

"ரேவாபென், அவர் குடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல பென். ஆனா நம்பிட்டேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ, நானே நம்பிட்டேன்."

"அப்ப என்ன சொன்னார் உங்ககிட்ட?"

ரேவாபென் பந்தல் துணியை நிமிர்ந்து பார்த்தாள். "'காத்து இல்ல ரேவா, காத்து இல்ல'ன்னார். வெட்டவெளியில நின்னுக்கிட்டு. இந்தத் துணி பிச்சுக்கிட்டுப் போற மாதிரி காத்து அடிக்குது, இவர் காத்து இல்லங்கறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. 'குடிக்கறதுக்கு உனக்கு இன்னிக்குத்தானா நாள் கெடைச்சுது'ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன். அப்புறம் அவர்கிட்ட பேசவே இல்ல."

நிகுஞ்ச் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜர்பானு கேட்டார். "யார் குளிப்பாட்டினாங்க?"

"ஆம்பளைங்கதான். கையை மட்டும் நான் கழுவறேன்னு கேட்டுக்கிட்டேன். தினமும் வேலை விட்டு வந்தா நான்தானே கழுவி விடுவேன். கடலை மாவும் எண்ணெயும் போட்டு, தேங்காய் நாரால தேச்சு." ரேவாபென் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு பேசினாள். "ரொம்ப வருஷம் நீலம் செக்‌ஷன்ல இருந்தார். தலையணை நீலம், வேர்வை நீலம், நகம் நீலம். ஜசு கல்யாணம் நிச்சயமானதும் சூப்பர்வைசர்கிட்ட நடையா நடந்து, கெஞ்சி, மஞ்சள் செக்‌ஷனுக்கு மாத்திக்கிட்டார்."

"எதுக்கு?"

"பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கறப்போ கை நீலமா இருந்தா நல்லாவா இருக்கும்னார். மஞ்சளா இருந்தா பாக்கறவங்க நலங்கு மஞ்சள்னு நினைப்பாங்களாம்."

தெருவில் ஒரு ஆடு கத்தியது. ஜர்பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"கல்யாணத்தப்போ நகத்துல பழைய நீலம் பாக்கி இருந்ததா?"

"ஒரு பொட்டு இல்ல. வளந்து, வெட்டி, எல்லாம் போயிடுச்சு. முந்தின நாள்கூட எனக்குக் காட்டி சந்தோஷப்பட்டார்."

"கடைசியா கழுவினப்போ?"

"கையில மஞ்சள் இருந்துச்சு. தேச்சதும் தண்ணியோட போயிடுச்சு. நகம் மட்டும் நீலமா இருந்துச்சு பென். உதடும்தான். எவ்வளவு தேச்சும் போகல. பாழாப்போன பழைய நீலம் கடைசி நாள்ல திரும்ப வந்துடுச்சேன்னு அழுதுக்கிட்டே தேச்சேன்."

ஜர்பானு கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

"டிக்ரா, மஞ்சள் செக்‌ஷன் ஆளுக்கு நீலம் எங்கேருந்து வந்துச்சு?"

"யாராவது நீலச் சாயத்தைப் பூசி..." என்று ஆரம்பித்த நிகுஞ்ச் நிறுத்தினான். "உதட்டுல யாரு பூசுவான்? அதுவும் தேச்சும் போகல."

"தேச்சாப் போறது சாயம். இது சாயம் இல்ல. உள்ளேருந்து வந்த நீலம்." ஜர்பானு ரேவாபென்னின் முன் தரையிலேயே உட்கார்ந்தார். "அவர் காத்து இல்லைன்னு சொன்னது போதையில உளறினது இல்லம்மா. காத்து இருந்துச்சு. அதை எடுத்துக்கற சக்தி அவர் ரத்தத்துல இல்லாமப் போச்சு. அப்படி ஆனா தலை சுத்தும், வாந்தி வரும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும். அசல் குடிகாரன் மாதிரியே இருக்கும். ஆனா உதடும் நகமும் நீலமாயிடும். வேற எந்த ஊர்ல விழுந்திருந்தாலும் அந்த உதட்டைப் பாத்து ஒரு கம்பவுண்டர்கூடக் கூச்சல் போட்டிருப்பான். இங்கே யாரும் திரும்பிப் பாக்கல. சாயக் கம்பெனிக்காரன் நீலமா இருந்தா இந்த ஊர்ல யாருக்கு அதிசயம்?"

"அப்போ அவர்..."

"ஒரு சொட்டுக் குடிக்கல."

ரேவாபென் சத்தம் போட்டு அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். புருஷன் நல்லவன் என்று தெரிந்த நிம்மதியும், அவனை நடுப்பந்தலில் திட்டிவிட்டு வந்த வேதனையும் ஒரே நேரத்தில் வந்து அவளை அமுக்கின. "கேட்டிருக்கலாமே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

நிகுஞ்ச் உள்ளே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தான். திரும்பியபோது அவன் கண்ணில் வேட்டை வெறி வந்திருந்தது.

"எது மேடம் அப்படிச் செய்யும்?"

"சில சரக்கு இருக்கு. இந்த ஊர்ல சுலபமாக் கெடைக்கறது நைட்ரோபென்சீன். மிர்பேன் எண்ணெய்னு சொல்லுவாங்க. குடிக்கவே வேண்டாம், தோல்ல பட்டாலே இறங்கிடும். கறுப்புச் சாயம் பண்ண அதுதான் வேணும். மஞ்சளுக்கு வேண்டாம்."

"அப்போ ரங்கோதய் கறுப்பு செக்‌ஷன்லேருந்து வந்திருக்கு. யாரோ திட்டம் போட்டுக் குடுத்திருக்கான். கொலை! அந்த சூப்பர்வைசரை முதல்ல பிடிக்கணும்."

"நீ முதல்ல உன்னைப் பிடிச்சு நிறுத்து." ஜர்பானு ரேவாபென் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு எல்லாரும் சாப்பிட்டதைத்தானே அவரும் சாப்பிட்டார்?"

"ஆமா."

"அவர் உடம்புல பட்டு, மத்த யார் உடம்புலயும் படாதது ஏதாவது இருந்துச்சா? புதுசா?"

"சட்டை புதுசு. அதை நான்தான் துவைச்சுக் குடுத்தேன். தலைப்பாகை எங்க அண்ணனோடது. பூட்ஸ்..." ரேவாபென் நிறுத்தினாள். "ஐயோ, பூட்ஸை மறந்தே போயிட்டேன்."

"எங்கே அது?"

"குதிருக்குள்ள."

"நெல்லுக்கு எதுக்கு பூட்ஸு?" என்றான் நிகுஞ்ச், அவனையும் மீறி.

"மாப்பிள்ளை செருப்பைப் பொண்ணு வீட்டுச் சின்னதுங்க ஒளிச்சு வெச்சு விளையாடுமே, அதான். மணவறையில எல்லாரும் கழட்டி வெச்சிருந்தாங்க. கறுப்பா, கண்ணாடி மாதிரி மின்னுச்சா, இதுதான் மாப்பிள்ளையோடதுன்னு நினைச்சு எங்க அண்ணன் பொண்ணுங்க இவரோடதைத் தூக்கிக் குதிர்ல போட்டுடுச்சுங்க. அப்புறம் தெரிஞ்சதும் ஒரே சிரிப்பு. இவரும் சிரிச்சார். அதுக்கப்புறம்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார். பூட்ஸை எடுக்கணும்னு யாருக்குத் தோணும்?"

வீட்டுக்குள் இருட்டு மூலையில் மண் குதிர் நின்றது. நிகுஞ்ச் மூடியைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்ன?"

"பாதாம் மேடம். யாரோ உள்ளே பாதாம் அல்வா கிண்டற மாதிரி."

ஜர்பானு குனிந்து மூச்சை நன்றாக இழுத்தார். அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் வருத்தத்தோடு. "அதுதான். பாதாம் வாடை அடிக்கற அதே எண்ணெய். கையால தொடாதே, குடைப் பிடியால எடு. ரேவாபென், இந்தத் தானியத்தைக் கோழிக்குக்கூடப் போட்டுடாதீங்க."

முற்றத்து வெளிச்சத்தில் பூட்ஸ் இரண்டும் மின்னின. ஜர்பானு குடை நுனியால் ஒன்றின் நாக்குத் தோலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தோல் பழுப்பு நிறத்தில் இருந்தது.

"கம்பெனியில குடுக்கற பழுப்பு பூட்ஸ். யாரோ கறுப்பு ஏத்தியிருக்காங்க. இதைப் போட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தார்?"

"விடிஞ்சதுலேருந்து. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால அந்த வெயில்ல ஆடினார் பென். இடுப்பு வலின்னு படுத்துக்கறவர், சின்னப் பையனாட்டம் ஆடினார். வேர்வை ஊத்துச்சு."

"வெறுங்கால்ல போட்டுக்கிட்டா?"

"எங்களுக்கெல்லாம் ஏது சாக்ஸ்?"

நிகுஞ்ச் கைகளைத் தட்டினான். "அவ்வளவுதான் மேடம். இதுக்குச் சாயம் போட்டவன் யாரோ அவன்தான் ஆள். யாரு ரேவாபென் போட்டுக் குடுத்தது?"

ரேவாபென் வாயைத் திறந்தாள். ஆனால் பதில் அவளிடமிருந்து வரவில்லை. மூங்கில் படல் கிரீச்சிட்டது. தோளில் விறகுக் கட்டோடு தன்ஜி உள்ளே நுழைந்தார். பூட்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, கெடைச்சிடுச்சா! நான் தேடாத எடமில்ல." கட்டை இறக்கி வைத்துவிட்டு, யாரும் தடுப்பதற்குள் ஒரு பூட்ஸை எடுத்துத் தன் சட்டை நுனியால் துடைத்தார். "பாருங்க பென், இன்னும் பளபளப்பு குறையல. ஊர்ல எல்லாருக்கும் ஒரு கைதான் பூசுவேன். சோமாவுக்கு மூணு கை பூசினேன். பொண்ணைப் பெத்தவன் இல்லியா?"

நிகுஞ்ச் இந்தக் கேஸில் குற்றவாளியைப் பிடித்ததும் சொல்ல வேண்டும் என்று ஒரு ஜோக் வைத்திருந்தான். அது என்னவென்று இப்போது நினைவுக்கு வரவில்லை. சொல்லாதீங்க மேடம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். கம்பெனியில் எண்ணெய் டிரம் கவிழ்ந்து அவர் காலில் சிந்தியது என்று சொன்னால் போதுமே. சோமாபாய் பெயரும் தேறும், இந்த மனுஷனும் தூங்குவார்.

"எதுல கரைச்சீங்க தன்ஜிபாய்?" ஜர்பானு மெல்லக் கேட்டார்.

"எங்க கறுப்பு டிபார்ட்மென்ட் டிரம்ல இருக்கற எண்ணெய்லதான். இந்தக் கறுப்புக் கட்டி தண்ணியில கரையாது. நாங்க எல்லாரும் அப்படித்தான். குடை, பெல்ட், பூட்ஸு, எதுவா இருந்தாலும். பூசி வெயில்ல நல்லாக் காய வெச்சுடுவோம். இந்த வருஷம் கம்பெனியில பூட்ஸ் குடுக்க லேட் பண்ணிட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்துச்சு. வெயில் இல்லாட்டியும் விடியறதுக்குள்ள காஞ்சிருக்கும்."

"காயல" என்றாள் ரேவாபென். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குரலில் கோபம் இல்லை. ஏதோ தூரத்தில் இருந்து பேசுவது போலிருந்தது. "காலை விட்டதும், ஈரமா இருக்குன்னார். அப்போ கழட்டுங்கன்னேன். 'சொல்லிடாதே ரேவா. ராத்திரியெல்லாம் உக்காந்து பூசியிருக்கான். தெரிஞ்சா தன்ஜி மனசு கஷ்டப்படும்'னார்."

தன்ஜி சிரித்தபடியே எல்லோர் முகத்தையும் பார்த்தார். யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. நிகுஞ்ச் முன்னால் போய், அவர் கையிலிருந்த பூட்ஸைக் காகிதத்தால் பிடித்து வாங்கிக் கீழே வைத்தான். தன்ஜி அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"கறுப்பு செக்‌ஷன்ல ஆளுங்க மயங்கி விழுவாங்க" என்றார் மெதுவாக. "டிரம் ரூம்ல. வெளியே தூக்கிப் போட்டுப் பால் குடுப்போம். அது மூச்சுல போறதுன்னு நினைச்சேன். கால்ல... கால் வழியா போகுமா பென்?"

"போகும்."

"வேர்த்தா?"

"அதிகமாப் போகும்."

"மூணு கை பூசினா?"

தன்ஜி அங்கேயே விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பழகிய கறுப்புதான்.

"குடுத்த கையைப் பாத்துக்கறேன்னு சொன்னேனே பென். தினமும் வந்து சொன்னேனே."

"அந்தக் கைக்கு இப்ப வேற வேலை இருக்கு தன்ஜிபாய்" என்றார் ஜர்பானு. கண்ணாடிக்குள் அவர் கண் நனைந்திருந்தது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "உங்களுக்குத் தெரியாது. அந்த டிரம் மேல இது விஷம்னு நாலு எழுத்து எழுதி வைக்காதவனை நான் சும்மா விடப்போறதில்ல. அது நாளைக்கு. இன்னிக்கு ஜசுகிட்ட ஒருத்தர் போய்ச் சொல்லணும். நான் போனா, காசு வாங்கிக்கிட்டு ஏதோ சொல்றாங்கன்னு நினைப்பா. நீங்க சொன்னா நம்புவா."

தன்ஜி எழுந்தார். படலுக்குப் போகும் வழியில் ரேவாபென்னின் முன் நின்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விறகை உள்ளே வெச்சுட்டுப் போங்க" என்றாள். "மழை வந்தா நனைஞ்சிடும்."

அவர் வைத்துவிட்டுப் போனார்.

*

ஜசுவின் புகுந்த வீடு நர்மதைக்கு அந்தப் பக்கம், சுக்லதீர்த்தத்துக்கு அருகில் இருந்தது. மூவரும் வாடகை ஜீப்பில் போனார்கள்.

ஜசு வாசலுக்கு வந்தாள். கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. பின்னால் மாமனார் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் துளசி மணி. அவர்தான் அந்த வட்டாரப் பகத்துகளுக்குத் தலைவர். சோமாபாயின் கழுத்து மணியைக் கழற்றியதும் அவர்தான்.

தன்ஜி நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. "உங்கப்பன் குடிக்கலம்மா. நான் குடுத்த பூட்ஸு அவனைக் கொன்னுடுச்சு. ஈரமா இருக்குன்னு சொன்னா நான் வருத்தப்படுவேன்னு போட்டுக்கிட்டான்" என்று முடித்தார்.

ஜசு அசையவில்லை. மாமனார்தான் முதலில் நகர்ந்தார். உள்ளே போய் ஒரு சின்ன துணி முடிச்சோடு வந்து, அதை மருமகள் கையில் வைத்தார். "இது அவன் கூடவே போயிருக்க வேண்டியது. தப்பு என்மேல" என்றார். "போயிட்டு வாம்மா. காரியத்துக்கு நாங்க எல்லாரும் வரோம். பஜனை பாடறோம்."

திரும்புகிற வழியில், பழைய இரும்புப் பாலத்தின் நடுவில் ஜசு ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். இறங்கிக் கைப்பிடி ஓரமாக நின்று முடிச்சை அவிழ்த்தாள். துளசி மணியை ஆற்றுக்கு மேலே நீட்டினாள். விட முடியவில்லை. நர்மதை கீழே பரந்து கிடந்தது. காற்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

"காகா."

பின்னால் இறங்கி நின்ற தன்ஜி திடுக்கிட்டார். இனி அவள் தன்னைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுவாள் என்று அவர் நினைக்கவில்லை.

"அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு அப்பா என்ன சொன்னார்?"

தன்ஜி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார். "குனிஞ்சு பாத்தான். காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தான். 'டேய் தன்ஜி, என்னைப் பாத்தா மாப்பிள்ளையோட அப்பன்னு நினைச்சு எல்லாரும் எனக்கே மாலை போட்டுடுவானுங்கடா'ன்னான்."

ஜசு சிரித்தாள். அப்பா அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். சிரித்த வாய் மூடவில்லை. அப்படியே அழுகையாக மாறிவிட்டது. அப்பா செத்து இத்தனை நாளில் அவள் அழுதது அப்போதுதான். வெட்கத்தில் பூட்டி வைத்திருந்த அத்தனையும் அந்தப் பாலத்தின் மேல் வெளியே வந்தது. போகிற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அழுது ஓய்ந்ததும் மணியைத் தன்ஜியிடம் நீட்டினாள்.

"நீங்க விடுங்க காகா."

"இந்தக் கையாலயா?"

"அப்பாவுக்கு வேற யார் இருக்காங்க?"

தன்ஜி இரண்டு கறுப்புக் கைகளையும் சேர்த்து ஏந்தினார். அவள் அதில் மணியை வைத்தாள்.

ஜர்பானு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். டிரைவர் ஹாரனில் கை வைத்தான். நிகுஞ்ச் அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்வரை அப்படியே நின்றான்.